வெள்ளவத்தையில் ஓர் ஒன்பது அங்குலச் சுவர்: எங்கள் மேசன் பாஸின் வேலை எப்படி?

சுவர் கட்டுவதற்கு இந்தப் பாஸை மறுபடியும் அழைப்பேன். பூச்சுக்கு அழைக்கமாட்டேன். அவர் சொல்லும் தவணையை ஒருபோதும் நம்பமாட்டேன். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கொழும்பில் வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட நினைத்து, யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று திகைத்து நிற்பவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நடுவில் நாங்கள் ஓட்டுக்கூரையோடு குந்தியிருக்கிறோம். "காணி விற்கிறீர்களா?" என்று கேட்டு வரும் தரகர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்புவதே என் கணவரின் ஓய்வுகால உத்தியோகம். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வந்து குவியும் பேரப்பிள்ளைகளுக்காகப் பின்வளவில் 12 அடிக்கு 10 அடி அறை ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தோம். பழைய வீட்டுச் சுவர் ஒரு பக்கம். புதிதாக மூன்று சுவர்கள், ஒரு கதவு, இரண்டு யன்னல்கள். மாநகர சபை அனுமதி எடுத்த கதையை இங்கே சொல்லத் தொடங்கினால் சுவருக்கு வந்து சேரமாட்டோம். அதை விட்டுவிடுகிறேன்.

நான் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சாந்தகப்பையைக் கையில் பிடித்ததில்லை. ஆனால் ஒரு மூலை செங்கோணமா இல்லையா என்று பார்க்க எனக்கு மேசன் தேவையில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த மதிப்புரையில் பாதி அளவுகளைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பாஸ் மஸ்கெலியாப் பக்கத்தில் பிறந்தவர், இப்போது வத்தளையில் குடியிருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். என்னை 'டீச்சரம்மா' என்றும் என் கணவரை 'ஐயா' என்றும் கூப்பிடுவார். கையாட்கள் இருவர்: ஒருவர் அவருடைய மருமகன், மற்றவர் ஹொரணைப் பக்கத்துச் சிங்களத் தம்பி. வேலை நடக்கும் இடத்தில் இரண்டு மொழிகளும் ஒரே தாச்சியில் குழைத்த சாந்து மாதிரிக் கலந்து வரும். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதலாமா என்று கேட்டேன். "இருக்கிற வேலையே கழுத்து வரைக்கும் நிற்கிறது, வேண்டாம் டீச்சரம்மா" என்றுவிட்டார். ஆகவே நீங்கள் அவரைப் பிடிக்க முடியாது. அவர் வேலையை வைத்து, உங்களிடம் வரும் பாஸை எடைபோடலாம்.

அவருக்கு முன்பு வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, இவ்வளவு என்று விலை சொன்னார்கள். இவர் விலையே சொல்லவில்லை. கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தங்கொட்டுவைப் பக்கத்துச் செங்கல் என்றோம். "எந்தச் சூளை என்று கேட்கவில்லை, கல்லைக் காட்டுங்கள்" என்றார். மாதிரிக்கு வந்திருந்த கற்களில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்று ஒலி எழுந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார், கோடு விழவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றைத் தரையில் போட்டார், உடையவில்லை. பிறகு உடையாத அதே கல்லைச் சுத்தியலால் இரண்டாக உடைத்து உள்ளே பார்த்தார். நடுவில் வேகாத கறுப்பு இருக்கிறதா, சுண்ணாம்புக் கட்டி வெள்ளையாகத் தெரிகிறதா என்பதுதான் கவனம். சுண்ணாம்புக் கட்டி இருந்தால் சுவர் நனைந்த பிறகு அது பூத்து, பூச்சையும் தள்ளிக்கொண்டு வெடிக்கும் என்றார்.

இன்னொரு கல்லை வாளியில் போட்டு மறுநாள் வரை ஊறவிடச் சொன்னார். நான் அதை ஊறும் முன்பும் பின்பும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். நல்ல கல் 24 மணித்தியாலம் ஊறினாலும் தன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது. எங்கள் கல் ஆறிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே உறிஞ்சியிருந்தது. பாஸ் தராசைப் பார்த்துச் சிரித்தார். கைத்தூக்கிலேயே அவருக்கு அது தெரிந்திருந்தது.

செங்கல்லைப் பற்றி ஒரு கணக்கு. இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 39 சொல்லும் வழக்கமான செங்கல்லின் அளவு 220 மில்லிமீற்றர் நீளம், 105 அகலம், 65 உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வரும் சாந்து மூட்டு 10. இரண்டு அகலத்தையும் ஒரு மூட்டையும் கூட்டினால் சரியாக ஒரு நீளம்: 105, 105, 10. அதனால்தான் கல்லை நெடுக்காகவும் குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்தாலும் சுவரின் கனம் மாறுவதில்லை. உயரமும் அப்படித்தான்: 65 உடன் 10 சேர்ந்தால் ஒரு வரி 75, நான்கு வரிக்கு 300, அதாவது ஓர் அடிக்கு ஒரு மயிரிழை குறைவு. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொதுக் காரணி கற்பித்தேன். ஒரு செங்கல்லைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் சந்தைக்கு வரும் கல்லெல்லாம் இந்த அளவில் இருப்பதில்லை. பாஸ் பத்துக் கல்லை வரிசையாக அடுக்கி மொத்த நீளத்தை அளந்து, அதிலிருந்து தன் மூட்டின் தடிப்பை முடிவு செய்தார். ஒரு தடியில் ஒவ்வொரு வரியின் உயரத்தையும் ஆணியால் கீறி வைத்துக்கொண்டார். கடைசி நாள் வரைக்கும் அந்தத் தடி சுவரோடு சாய்ந்தே நின்றது.

எத்தனை கல் தேவை என்று நான் தாளில் கணக்குப் போட்டேன். அரைக்கல் சுவர், அதாவது நாலரை அங்குலச் சுவர் என்று எல்லோரும் சொல்வது, ஒரு சதுர மீற்றருக்கு 58 கல் எடுக்கும். ஒரு கல் சுவர், அதாவது ஒன்பது அங்குலச் சுவர், 116. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 1,080. கதவையும் யன்னல்களையும் கழித்து, உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தபோது எனக்கு 2,700க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பாஸ் வளவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு "இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது இறக்குங்கள்" என்றார். நான் தாளை மடித்து வைத்தேன்.

சீமெந்துக் கல்லில் கட்டினால் பாதி நாட்களில் முடியும், செலவும் குறையும் என்று அவரே சொன்னார். சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரைக் கல் போதும். வேலை அதிகமாகும் வழியை வலிந்து விற்காத மனிதர் என்று அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன். செங்கல் வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம்: பழைய வீடு செங்கல்லால் ஆனது, பின்விறாந்தையைப் பார்க்கும் சுவர் ஒன்றைப் பூசாமல் கல்லாகவே விடவேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

மூலை குறிக்கும் நாளில் என் ஆசிரியத் திமிர் வெளிப்பட்டது. பாஸ் கம்பங்களை ஊன்றி, நூல் கட்டி, ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று பார்த்தார். மூன்று, நான்கு, ஐந்தின் இரட்டிப்பு. சரியாக இருந்தது. நான் விடவில்லை. அறை 12க்கு 10 என்றால் மூலைவிட்டம் 15 அடி ஏழரை அங்குலம் வரவேண்டும், இரண்டையும் அளந்து காட்டுங்கள் என்றேன். ஒன்று சரியாக வந்தது. மற்றதில் கால் அங்குலம் கூடியது. மருமகனைத் திட்டாமல், என்னிடம் சமாதானம் சொல்லாமல், நூலை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அன்றிலிருந்து எந்த அளவை எடுத்தாலும் நாடாவின் மறுநுனியை என் கையில் கொடுத்துவிடுவார்.

அத்திவாரம் வழக்கமான கருங்கல் வேலைதான். கொங்கிறீட் படுக்கை போட்டு அதன்மேல் சீமெந்துச் சாந்தில் கருங்கல் கட்டினார்கள். அதில் சொல்ல அதிகம் இல்லை. அதற்கு மேலே வரும் ஈரத்தடுப்பைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சுவரின் அடியில் பூச்சு பொருமிப் பொரிந்து உதிர்வது பழக்கமான காட்சி. எங்கள் பழைய வீட்டிலேயே இரண்டு அறைகளில் இருக்கிறது. மண்ணின் ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். நீர் காய்ந்தபின் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதைத் தடுக்க, வெளி நிலத்திலிருந்து குறைந்தது 6 அங்குலம் உயரத்தில் சுவரின் முழு அகலத்துக்கும் ஒரு தடுப்பு வேண்டும். பாஸ் ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் என்ற கலவையில் 20 மில்லிமீற்றர் தடிப்பாக ஒரு படை போட்டு, அது காய்ந்த பிறகு சூடான தாரை இரண்டு தடவை பூசி, மேலே மணல் தூவினார். முதற்பூச்சு மழையில் நனைந்தபோது அதன்மேல் அடுத்ததைப் பூசச் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் காயவிட்டார். 'பரவாயில்லை, பூசுங்கள்' என்று சொன்னவர் என் கணவர். கேட்காமல் விட்டதற்கு இன்று நன்றி சொல்கிறார்.

இதே வளவில் சில வருடங்களுக்கு முன் வேறோர் ஆள் கட்டிய மதிற்சுவர் நீளமாக, இடையில் தூணே இல்லாமல், அரைக்கல் தடிப்பில் நிற்கிறது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் உச்சியில் மூடுகல்லும் இல்லை. மழை நேராக உள்ளே இறங்குகிறது. பாஸ் அதைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. வெடிப்புக்குள் சாந்தகப்பையின் முனையை விட்டு, கைப்பிடி வரை போகிறது என்று காட்டினார்.

இனி சுவர். மூன்று சுவர்களையும் 'ஆங்கிலக் கட்டு' என்ற முறையில் கட்டினார். ஒரு வரி முழுவதும் கல்லின் நீளப்பக்கம் முகம் காட்டும், அதற்கு மேல் வரி முழுவதும் குறுகிய தலைப்பக்கம் முகம் காட்டும், மறுபடியும் நீளப்பக்கம். ஒரே வரிக்குள் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் அது பிளெமிஷ் கட்டு. பார்வைக்கு அது அழகு என்பவர்கள் உண்டு. பலத்துக்கு ஆங்கிலக் கட்டு என்பது பாஸின் கட்சி. எந்தக் கட்டானாலும் விதி ஒன்றே: கீழ்வரியின் நிலைக்குத்து மூட்டுக்கு நேர்மேலே மேல்வரியின் மூட்டு வரக்கூடாது. வந்தால் பாரம் பரவாது. பிளவுக்கு வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இந்த விதியைச் சுவரின் நடுவில் எவரும் காப்பாற்றுவார்கள். மூலையில்தான் ஆள் யாரென்று தெரியும். ஒரு சுவரில் நீளப்பக்கம் காட்டும் மூலைக்கல், திரும்பும் சுவரில் தலைக்கல்லாகிவிடுகிறது. ஆகவே ஒரே வரி இந்தப் பக்கம் நீட்டுவரி, அந்தப் பக்கம் தலைவரி. தலைவரியில் மூலைக்கல்லுக்கு அடுத்து இன்னொரு முழுத் தலைக்கல்லை வைத்தால் மூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதற்காகக் கல்லை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, அந்தக் குறுகிய துண்டை மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் செருக வேண்டும். அப்போது எல்லா மூட்டுகளும் கால் கல் அளவு விலகிவிடும். நீளவாட்டில் செங்கல் பிளப்பது சுலபமல்ல. மூன்றில் ஒன்று நொறுங்கும். அதனால் பலர் இதைத் தவிர்த்து, மூலையில் கையில் கிடைத்த துண்டுகளைத் திணித்து, சாந்தை அப்பிவிடுவார்கள். பூச்சு பூசியபின் கடவுளுக்கும் தெரியாது. இவர் மருமகனைக் குந்தவைத்து, உளியால் நான்கு பக்கமும் கோடு போட்டு, பிறகே தட்டிப் பிளக்கச் செய்தார். பூசப்போகும் மூலைகளிலும் அதையேதான் செய்தார். அவருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்தத் துண்டுகளுக்கு.

கட்டும் முறையையும் சொல்லவேண்டும். முதலில் இரண்டு மூலைகளையும் படிப்படியாக உயர்த்தி, இடையில் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கு ஒரு நூலிழை விலகியே கல்லை வைப்பார். கல் நூலைத் தொட்டால் நூல் தள்ளப்படும், அடுத்த கல்லும் தவறும் என்பார். கல்லின் குழி மேல்நோக்கி இருக்கும். சாந்து அதில் நிரம்பிப் பிடிக்கும். காய்ந்த கல்லை வைக்கவே விடமாட்டார். அது சாந்தின் நீரைக் குடித்துவிடும். பெரிய வாளி எப்போதும் நிறைந்திருக்கும், ஆனால் ஊறிச் சொட்டும் கல்லையும் வைக்கமாட்டார், வழுக்கும். மூலையில் மூன்று வரிக்கு ஒருமுறை தூக்குக்குண்டு இறங்கும். நான்கு அடிக்கு மேல் ஒரே நாளில் சுவர் ஏறாது. அதாவது பதினாறு வரி. நேரம் இருந்தாலும் நிறுத்திவிடுவார். அடியிலுள்ள ஈரச்சாந்து மேற்பாரத்தில் பிதுங்கிச் சுவர் சாயும் என்பதே காரணம்.

ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் சமமான முகம் வராது என்பதை இவரிடம்தான் கற்றேன். கல்லின் நீளம் கல்லுக்குக் கல் சிறிது மாறும் அல்லவா? தலைக்கல்லின் ஒரு முனையை நூலுக்கு ஒட்டினால் மறுமுனை உள்ளே வெளியே நிற்கும். ஆகவே தொடங்குமுன் "எந்தப் பக்கம் முகம் வேண்டும்?" என்று கேட்டார். விறாந்தைப் பக்கம் என்றோம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கல் வைக்கத் தொடங்குகிறவரிடம், பூசாத சுவர் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சாந்து ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல். இங்கே எனக்கும் அவருக்கும் ஒரு சிறு உரசல். கையாட்கள் தாச்சியால் அள்ளினார்கள். குவித்து அள்ளிய தாச்சியும் தட்டையாக அள்ளிய தாச்சியும் ஒன்றாகுமா? 50 கிலோ சீமெந்துப் பை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. அதே கொள்ளளவில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு பைக்கு ஐந்து பெட்டி மணல் என்று வையுங்கள் என்றேன். முகம் சுளித்தார், ஆனாலும் பெட்டி வந்தது. பெட்டி வந்த பிறகு மணல் எவ்வளவு குறைகிறது என்பதை அவரே கவனித்துச் சொன்னார். நீர் விட்டுக் குழைத்த சாந்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார். இறுகத் தொடங்கியதில் மறுபடி நீர் ஊற்றிக் கிளறுவதை அவர் தளத்தில் நான் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு சிறிய அளவாகவே குழைப்பார்கள்.

மணலிலும் பிடிவாதம் உண்டு. முத்துராஜவெலவிலிருந்து வரும் கழுவிய கடல்மணலைக் கட்டுச்சாந்துக்கு ஏற்றுக்கொண்டார்; லிண்டலுக்கும், அதாவது கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீட் உத்தரத்துக்கும், மற்றக் கொங்கிறீட்டுக்கும் ஆற்றுமணல்தான் வேண்டும் என்றார். "கம்பி இருக்கிற இடத்தில் உப்போடு விளையாட்டு வேண்டாம்." ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு போத்தலில் மணலும் நீரும் போட்டுக் குலுக்கி வைத்தார். மேலே படிந்த சேற்றுப் படை மெல்லியதாக இருந்ததைக் காட்டியபின்தான் லொறிக்காரருக்குப் பணம் கொடுக்க விட்டார்.

யன்னலின் அடி 12ஆவது வரியில், 900 மில்லிமீற்றரில். லிண்டலின் அடி 28ஆவது வரியில், 2,100இல். எங்கும் கல்லைத் தறித்துச் சரிக்கட்டவில்லை; தடியில் கீறிய கோடுகளின் பயன் அப்போது புரிந்தது. லிண்டல் இரு பக்கமும் சுவரில் 6 அங்குலம் அமர்ந்திருக்கிறது. பிரதான கம்பிகள் அடியில். பாரம் வந்தால் இழுபடுவது அடிப்பக்கம்தானே. யன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரித்து, நீண்டு நிற்கும் பகுதியின் கீழே விரல் அகலத்தில் ஒரு காடி இழுத்தார். வழியும் மழைநீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டாக விழுகிறது, சுவரை நனைப்பதில்லை. கட்டணப் பட்டியலில் இல்லாத வேலை இது. நாங்கள் கேட்டதும் இல்லை.

பழைய சுவரில் இடைவிட்டுக் கற்களை எடுத்து, புதுச் சுவரின் கற்களை அதற்குள் செருகி, பல்விட்டுப் பிணைப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்துவிட்டார். "பழைய வீடு இறங்கி முடிந்துவிட்டது. புதியது இனித்தான் இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் எங்கேயாவது வெடிக்கும்." அரை அங்குலம் இடைவெளி விட்டு, உலோகப் பட்டிகளால் மட்டும் தொடுத்து, இடைவெளியை நெகிழும் பசையால் அடைத்தார். மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. அந்த இடத்தில் கோடு தெரிகிறது, வெடிப்பு இல்லை.

விறாந்தைச் சுவரைப் பார்த்துப் பக்கத்து மாடியிலிருந்து ஒரு அம்மா, "பூச்சுக்குக் காசு போதவில்லையா டீச்சர்?" என்று கேட்டார். கோட்டையிலுள்ள கார்கில்ஸ் கட்டடம் 1906இலிருந்து செக்கச்சிவந்து நிற்கிறது. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் 1909இலிருந்து சிவப்பும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கிறது. அங்கெல்லாம் யாரும் காசைப் பற்றிக் கேட்பதில்லை. மூட்டுகளை அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகச் சுரண்டி, நனைத்து, புதுச்சாந்து வைத்து, வளைத்த ஒரு துண்டுக் கம்பியை மூட்டின் நீளத்துக்கும் இழுத்தார் பாஸ். மூட்டு உட்குழிவாக, வழுவழுப்பாக இறுகியது. மூட்டை உள்ளே தள்ளி நிழல் விழச் செய்தால் அழகாக இருக்குமே என்றேன். வீட்டுக்குள்ளே என்றால் செய்வேன், சாரல் படும் இடத்தில் ஒவ்வொரு கல்லின் தலையிலும் நீர் தங்கும் என்றார். கம்பியை இழுக்கும்போது மனிதர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூட்டின் முனைக்கு வந்ததும்தான் விடுவார்.

குறைகளுக்கு வருகிறேன்.

பூச்சு மோசம். மோசம் என்றால் விழுந்துவிடும் என்பதில்லை, பார்க்கச் சகிக்காது. மேற்குப் பக்க உட்சுவர் முழுவதும் மெல்லிய வலைக்கோடுகள். பூச்சைத் தேய்த்து முடிக்கும்போது மேலே வெறும் சீமெந்தைத் தூவி மினுக்கினார்கள். மேற்தோல் அடியைவிட விரைவாகச் சுருங்கியது. மறுநாளிலிருந்து ஒரு வாரமாவது நீர் தெளிக்கவேண்டியதை இரண்டாம் நாளே மறந்துவிட்டார்கள், மேற்கு வெயில் மீதியைச் செய்தது. கட்டும்போது நூலிழையைப் பார்த்த அதே பாஸ், பூசும்போது மருமகனிடம் விட்டுவிட்டு வத்தளையில் இன்னொரு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சுட்டிக்காட்டியபோது, "வர்ணம் அடித்தால் மறைந்துவிடும் டீச்சரம்மா" என்றார். மறையவில்லை.

தவணை. இரண்டு மழைக்கும் ஒரு போயாவுக்கும் அப்பால், ஊரில் கல்யாணம், அந்தியேட்டி, கோயில் திருவிழா என்று ஆள் காணாமற்போவார். சொன்ன காலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. தொலைபேசியை எடுப்பார், பொய் சொல்லமாட்டார், வரவும்மாட்டார்.

மின்வேலை வேறோர் ஆள். அவரை அழைத்து வந்தது நாங்கள்தான் என்றாலும், பாஸ் அன்று தளத்தில் இருந்திருந்தால் நடந்திருக்காது. கம்பிக் குழாய்க்காகச் சுவரில் குறுக்காக ஒரு நீண்ட காடி வெட்டிவிட்டார். நிலைக்குத்தாக வெட்டினால் சுவர்த் தடிப்பில் மூன்றிலொரு பங்கு வரை போகலாம்; குறுக்காக என்றால் ஆறிலொரு பங்குதான். எங்கள் 220 மில்லிமீற்றர்ச் சுவரில் அது 36. அவர் வெட்டியது இரண்டு அங்குலம். பாஸ் திரும்பி வந்து பார்த்து, சிங்களத்தில் அவர் பேசிய வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. காடியைக் கலவையால் அடைத்து இறுகவிட்டு, குழாயை மேலிருந்து நேராக இறக்கச் செய்தார். அதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை.

கூலி விடயத்தில் சுத்தமான மனிதர். கட்டு வேலைக்குச் சதுரக் கணக்கு, கொங்கிறீட்டுக்கும் சில்லறை வேலைக்கும் நாட்கூலி என்று முதலிலேயே பிரித்துப் பேசினார். பொருட்களை நாங்களே வாங்கினோம். பழைய சோனகத் தெருவில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினால் கம்பிக்கும் பிணைச்சலுக்கும் விலை வித்தியாசம் தெரியும். முற்பணம் சிறியது, அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை மட்டம் என்று ஒவ்வொன்றும் முடிந்தபின் ஒரு பங்கு. விலைகளை எழுதாமல் விடுகிறேன். நீங்கள் வாசிக்கும்போது அவை மாறியிருக்கும்.

மதிற்சுவரை இடித்துக் கட்டவும் அவரிடமே பேசியிருக்கிறோம். பத்து அடிக்கு ஒரு தூண், இடையில் சுவர் விரிந்து சுருங்க இடம்விடும் ஓர் அசைவு மூட்டு, உச்சியில் இரு பக்கமும் நீண்டு நிற்கும் மூடுகல், அதன் அடியில் காடி. இந்தமுறை எழுத்தில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறோம்: கட்டு வேலை அவர், பூச்சு தெஹிவளையிலிருந்து வரும் வேறோர் ஆள். அதைச் சொன்னபோது கோபிப்பார் என்று நினைத்தோம். "நல்லது, எனக்கும் பூச்சு பிடிக்காது" என்றார். தைப்பொங்கல் கழிந்து தொடங்குவதாகப் பேச்சு. எந்த வருடத்துத் தைப்பொங்கல் என்று என் கணவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.